தலைச்சோலைக்குப் போகும் வழியில் ஓர் ‘ஏனுங்க’

தை மாதக் கடைசியில் நான் ஏற்காடு போனது ஏரியைப் பார்க்க அல்ல. என் மனைவி சுமதி பிறந்த வீடு தலைச்சோலையில் இருக்கிறது. பக்கவாதம் வந்த பிறகு அவளுக்குப் பேச்சில்லை. பழகிய இடத்துக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள் என்றார் மருத்துவர்; கூட்டிக்கொண்டு கிளம்பினேன். என்னை அவள் ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுவாள். சென்னைக்காரனான எனக்குக் கல்யாணமான புதிதில் சிரிப்பு வரும். இப்போது அந்த ஒரு சொல்லுக்காக ஏங்குகிறேன்.

என் பிழைப்பு பாலூட்டிகளின் மூளையை ஒப்பிடுவது. எலி, வௌவால், மாடு, மனிதர் என்று ஸ்கேன் படங்களைப் பரப்பி, பெருமூளைப் புறணியில் நியூரான்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று பார்ப்போம். மூளை சுண்டைக்காய் அளவோ தேங்காய் அளவோ, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செய்தி போக ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் வண்டி மாறவேண்டும். ஒரு வழி அடைபட்டால் சிலசமயம் சுற்றுவழி கிடைக்கும். வகுப்பில் உற்சாகமாகச் சொல்வேன். வீட்டில் சொல்லத்தான் தைரியமில்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் பஸ்ஸில் முன்சீட்டைப் பிடியுங்கள். ஏரிக்கரை டீக்கடையில், “ஏனுங்க, சர்க்கரை போடலாங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சட்டென்று திரும்பினேன். கடைக்காரர். அந்த ஊரில் யாரும் யாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் சளைக்காமல் திரும்பித் திரும்பி ஏமாந்தேன்.

அங்கிருந்து ஷேர் ஜீப். இருபுறமும் காபிச் செடிகள். வழி சொல்வது எப்போதும் சுமதியின் வேலை என்பதால், பழக்கதோஷத்தில் நான் வாயே திறக்கவில்லை. எங்கள் திருப்பம் கடந்து போனது. அவள் முன்சீட்டுக் கம்பியைத் தட்டினாள்.

“ஏனுங்க... ஊடு!”

ஜீப் குலுங்கி நின்றது. டிரைவருக்கு எரிச்சல். “முன்னாலயே சொல்றதில்லீங்களா அக்கா? இந்த எறக்கத்துல எப்படீங்க நிறுத்தறது?”

நோயில் விழுந்த பிறகு அவளை யாரும் கடிந்து பேசியதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கூப்பிட்டது டிரைவரைத்தான், தெரியும். ஆனாலும் திரும்பியவன் நான்.

திரும்பி வரும்வரை அவள் வேறெதுவும் பேசவில்லை.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் கட்டாயம். மாலையில் ஜீப் குறைவு, காலையிலேயே கிளம்புங்கள். உள்கிராமத் திருப்பங்களில் பலகை இருக்காது, இறங்குமிடத்தை டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் மட்டும் அடுத்த முறையும் சொல்ல மாட்டேன்.