கை நனைக்காத வீடு

காலை பத்தரை மணிக்குக் கோட்டூர்புரத்தில் ஆட்டோ ஏறினேன். மயிலாப்பூர் மாட வீதிக்கு நாலு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். எங்கள் குடும்பத்துக்கு அந்தத் தூரத்தைக் கடக்க மூன்று தலைமுறை போதவில்லை.

என் கொள்ளுத்தாத்தா படிக்க லண்டனுக்குக் கப்பலேறியவர். கடல் தாண்டினால் தீட்டு என்றிருந்த காலம். திரும்பி வந்த பலர் பிராயச்சித்தம் செய்து பழைய ஆளாகிவிடப் பார்த்தார்கள். இவர் மறுத்தார். மாட வீதியில் தம்பி வீட்டார் அவருக்குக் கொல்லையில் இலை போட்டார்கள். எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் ‘கப்பக்காராள்’. வசவாக வந்த பெயரை மெல்ல மெல்லப் பட்டமாக்கிக்கொண்டோம். அந்த வீட்டு விசேஷங்களுக்குப் போவோம், சிரிப்போம், கை நனைக்காமல் திரும்புவோம்.

தம்பியின் கொள்ளுப்பேரன் நாராயணன் அண்ணா நேற்று போனில் கூப்பிட்டார். மன்னியும் அவரும் வியாழக்கிழமை மெல்போர்ன் போகிறார்கள், மகனோடு இருந்துவிட. வீட்டை விற்றாயிற்று. “ஒரு தடவையாவது சாப்பிட வாயேன்.”

ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஓட்டுநர் கண்ணாடி வழியே பார்த்தார்.

“இன்னா சார், எங்க போற?”

“சொந்தக்காரங்க வீட்டுக்கு, சாப்பிட.”

“அதுக்கு ஏன் ஊசி போட்டுக்கப் போற மாதிரி குந்திகினு கீற?”

கூடம் முழுக்கப் பெட்டிகள். மன்னி அப்பளக் கட்டைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்காத்து சமையல் உங்களுக்கெல்லாம் எறங்காதுன்னு மாமனார் சொல்வார். பெரிய எடமோன்னோ நீங்க.”

நாங்கள் கை நனைக்காததன் காரணமே அவர்களுக்குத் தெரியாது. சொன்னேன். அண்ணா கொல்லைப்பக்கம் திரும்பினார். இப்போது அங்கே வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“இவ்வளவு நாளா உங்களுக்குத்தான் கர்வம்னு நெனச்சுண்டிருந்தேன்” என்றார். அங்கேயே பார்த்தபடி, “இங்க தெருவுக்கே என்னைத் தெரியும். அங்க நான் யாரு? எங்க உக்காத்தி வைப்பாளோ.”

எழுபது வயதுக்காரரின் குரலில் முதல்நாள் பள்ளிக்கூடம் போகிற நடுக்கம். கொள்ளுத்தாத்தாவும் கப்பலில் இப்படித்தான் நடுங்கியிருப்பாரோ? எங்கள் வீட்டில் அதை மட்டும் யாரும் சொன்னதில்லை.

“ஏதாவது பேர் வைப்பா அண்ணா. கொஞ்ச நாள் உறுத்தும். அப்புறம் அதுதான் நீங்க.”

“பயமுறுத்தாதேள்” என்றார் மன்னி. கூடத்து நடுவில், பெட்டிகளை ஒதுக்கி, அடுத்தடுத்து இரண்டு இலை போட்டார். உட்கார்ந்தேன். அண்ணா சாதத்தைத் தொடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிசைந்தேன். முதல் வாய் போனபிறகுதான் அவரும் குனிந்தார்.

ஒரு மணிக்குக் கிளம்பி, வெயிலில் லஸ் கார்னர் வரை நடந்தேன். கை நனைத்தாயிற்று; இனி கப்பக்காராள் என்ற பெயரில்லாமல் நான் யாரென்று தெரியவில்லை. விரல்களில் மைசூர் ரசம் மணத்துக்கொண்டே வந்தது.