வத்தல் கட்டுன பாட்டுப்பொட்டி

என் பேரன் கண்ணாடி வால்வு வச்சு அவனே ஒரு பாட்டுப்பொட்டி செஞ்சிருக்கான். பாட்டுக்கு மேல 'ஙொய்'னு வண்டு மாதிரி இரையுது. "ஆச்சி, நீ வெத்தல இடிக்கதாலதான் இந்தச் சத்தம், அங்கன போ"ங்கான். எனக்குச் சிரிப்பாணி வந்துட்டு.

சின்னதுல கல்லிடைக்குறிச்சி அத்தை வீட்டுல சாவி குடுத்துப் பாடுத பொட்டி வாங்குனாவ. பித்தளக் கொழாயி பூசணிப்பூ மாதிரி விரிஞ்சிருக்கும். நான் பக்கத்துல நின்னேன், தொடக்கூட இல்ல. மறுநா அது கரகரன்னுட்டு. "இந்த மூதி தொட்டுக் கெடுத்துட்டா!"ன்னு தெருவே கேக்க அத்தை என் சடையப் புடிச்சு வெளிய தள்ளுனா. மாமா ஊசிய மாத்துனாவ, எண்ண போட்டாவ. சத்தம் போவல.

சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். கண்ணு பட்டுரக் கூடாதுன்னு அத்தையேதான் கொழாயில மொளகா வத்தல் சரத்தக் கட்டித் தொங்கவிட்டிருக்கா! பாட்டு அதிருத அதிருக்கு வத்தல் உரசுது, உள்ள வெத குலுங்குது. சொல்லலாம்லா? சொல்லல.

அவ மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்திமாரு முன்னால பொட்டியப் போட்டா. கரகரங்குது. அத்தை மூஞ்சி கருத்துட்டு. நான் பைய நடந்து போயி சரத்த அறுத்தேன். பாட்டு தேனா வழியுது!

"பொட்டிக்கு யாருட்டி வத்தல் கட்டுனா?"ன்னு சம்பந்தியம்மா கேட்டாவ.

"எங்க அத்தைதான்!"னேன். கூடமே சிரிச்சிட்டு.

இன்னைக்குக் காலையில பொட்டி இரைஞ்சிக்கிட்டுக் கெடக்கயில வீட்டக் கூட்டுனேன். வாரியலால பொட்டிய ஒட்டிக் கெடந்த கரண்டு வயர ஒதுக்குனதும் இரைச்சல் கப்புனு அடங்கிட்டு. வயரப் பழைய எடத்துக்கே தள்ளிவச்சிட்டேன்.

சாயந்தரம் அவன் கூட்டாளிமாரு பாட்டு கேக்க வருதாவ. வரட்டும். வெத்தல இடிச்சிக்கிட்டு, வாரியலயும் பக்கத்துல வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்.