டயர் வெடித்ததும் நான் விரல் நீட்டினேன்

இன்று காலை சுங்குவார்சத்திரம் தாண்டியதும் எங்கள் கம்பெனி பஸ்ஸின் டயர் வெடித்தது.

பஸ் ஓரமாக நின்றுவிட்டது. என் நடுக்கம்தான் நிற்கவில்லை. நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்துப்போயின, மூச்சு உள்ளே போகவே இல்லை. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

தொண்ணூற்றொன்றில் எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அந்தச் சத்தம் இன்னும் என் உடம்பைவிட்டுப் போகவில்லை.

பக்கத்து சீட் செல்வி என் கையைப் பிடித்தாள்.

"இன்னாக்கா ஆச்சு? இது பயம்தான்க்கா, எனக்கும் வரும். லைன்ல மெஷின் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி வெரல நீட்டி நீட்டி ஓகே சொல்லுவோமே, அதே மாதிரி கண்ணுல படறத ஒண்ணொண்ணா சொல்லுக்கா. மூச்ச மெதுவா வுடு."

விரலை நீட்டினேன்.

"ஜன்னல், ஓகே." மூச்சை விட்டேன். "கம்பி, ஓகே. டிரைவர்... ஓகே."

என் குரல் எனக்கே கேட்கத் தொடங்கியது.

கீழே இறங்கியதும், கிழிந்து கிடந்ததைக் காட்டினேன். "டயர், ஓகே இல்ல."

செல்வி சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் தீபாவளி. தெருவில் வெடிக்கப்போகும் சரவெடிக்கெல்லாம் ஓகே சொல்ல என் வீட்டில் அத்தனை சாமான்கூட இல்லை. பட்டாசுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும் நாற்பது வயதுக்காரர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா, இல்லை நான் ஒருத்திதானா?