அரசியின் கவசத்தை அளந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நெருப்பெரிச்சல் என்னும் ஊரில் நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில், சாம்பிள் பிரிவு சூப்பர்வைசர் என் மேசை முன் வந்து நின்றார். "மேடம், நம்ம சாந்தாமணி அக்கா போயிட்டாங்களாமுங்க. காத்தால ஊட்ல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவங்க, அப்படியே..." என்றார். இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்தச் செய்தி கேட்டு அழுதிருப்பீர்கள். நான் அழவில்லை. எனக்கு முதலில் வந்தது பயம். அக்காவின் அலமாரியில், என் கையெழுத்தில், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் என் பெயரோடு, ஒரு கதை இருந்தது. அதை வேறு யாராவது எடுத்துப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்றுதான் என் மனம் ஓடியது. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை.

இதழ்களில் வந்த விமர்சனக் கட்டுரைகள் வழியாக மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய தொழில் தெரியாமல் இருக்கலாம். துணி வெட்டுவதற்கு முன் உடலின் அளவுகளை அட்டையில் வரைந்து வெட்டித் தரும் பேட்டர்ன் மாஸ்டர் அவர். எங்கள் கம்பெனியில் அந்த வேலையில் இருந்த ஒரே பெண். அறிவியல் கதைகளையும் மாயக்கதைகளையும் அதே கண்ணோடுதான் படித்தார். இந்தப் பெண்ணின் உடலை அளந்தது யார், யாருக்காக அளந்தார்கள் என்பதே அவர் எல்லாக் கதைகளிடமும் கேட்ட கேள்வி.

பெருமாநல்லூரில் நடந்த அந்த வாசகர் கூட்டம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். வெளியூர் எழுத்தாளர் ஒருவர், போர்க்களம் போகும் அரசியைப் பற்றிய தன் நாவலோடு வந்திருந்தார். அரசியின் கவசத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் வர்ணனை. அக்கா பேச எழுந்தபோது பையிலிருந்து ஒரு பழுப்பு அட்டையை எடுத்தார். வர்ணனையில் இருந்தபடியே வெட்டியிருந்தார். முன்வரிசையில் இருந்த என்னை எழுப்பி, புடவைக்கு மேல் அதைக் கட்டிவிட்டு, "கையத் தூக்குங்க கோகிலா" என்றார். தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. "இதப் போட்டுட்டு வாளே ஓங்க முடியாதுங்க. சண்டைக்குத் தெச்ச மாதிரி தெரியலீங்க, பாக்கறவங்களுக்குத் தெச்சிருக்குது" என்றார். கூட்டம் சிரித்தது. நான் வியர்த்துப்போய் நின்றேன். எல்லாக் கண்களும் என் மார்பின் மேல் இருந்தன.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைக் கேக்காம நிறுத்திட்டனுங்க. அந்த ஆளு அரசிக்குப் பண்ணுனதத்தான் நானும் உங்களுக்குப் பண்ணீட்டன்" என்றார். அவர் முகம் வாடியிருந்தது. அதன் பிறகு எந்த மேடையிலும் அவர் யாரையும் அப்படி நிறுத்தியதில்லை.

அப்போது அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஓர் ஆண் பெயரில் பத்து வருடமாக அறிவியல் கதைகள் எழுதிவந்தவள் நான். கப்பல் தலைவனுக்குப் பணிவிடை செய்யும் இயந்திரப் பெண்ணைப் பற்றிய என் கதை ஒன்றைப் பிறகு அவர் ஒரு சிற்றிதழில் விமர்சித்துக் கிழித்துப் போட்டார். கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "இதை எழுதியவர் பெண் என்று சந்தேகிக்கிறேன். எந்த ஆணும் இத்தனை கவனமாக ஆணைப்போல எழுதமாட்டார்." கேன்டீனில் அதைப் படித்ததும் இதழை மடித்துப் பைக்குள் ஒளித்தேன். ஒரு வாரம் கழித்து நானே போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "யாருமே பாக்க மாட்டாங்கன்னா என்னத்த எழுதுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான்கு மாதம் உட்கார்ந்து எழுதிய பதில்தான் அலமாரியில் இருந்த கதை. விண்கலத்தின் நெசவுக்கூடத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். அக்கா அதை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு அவர் எழுதிய கட்டுரையில் அதைப் பற்றி ஒரு பத்தி வந்தது. "நம் கதைகளில் பெண் பாம்பாகலாம், பறவையாகலாம், வேறு கோளுக்குக் குடிபோகலாம். இன்னொரு பெண்ணை நேசிக்க மட்டும் அவளுக்கு எந்தக் கோளிலும் இடமில்லை" என்று தொடங்கி, இந்த ஊர்த் தோழி ஒருத்தி அந்த இடத்தை எழுதியிருக்கிறாள் என்று சொல்லியிருந்தார். யாரோ அந்தப் பத்தியை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள்.

போன்கள் வரத் தொடங்கின. அக்கா வீட்டு வாசலில் மூன்று நாள் ஒரே பைக் வந்து நின்றது. நான்காம் நாள் இரண்டு பேர் கம்பெனிக்கே வந்தார்கள். வரவேற்பறையில் அக்கா உட்கார்ந்திருந்தார். துணைக்குப் போன நான் கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தேன்.

"அந்தக் கதைய எழுதுன பொம்பள யாருங்க? பேரச் சொல்லுங்க, நாங்க போயிர்றோம்" என்றார் ஒருவர்.

"கட்டுரை எம் பேர்ல வந்துதுங்க. கேக்கறத என்கிட்டயே கேளுங்க."

"உங்க ஊடு எங்களுக்குத் தெரியுமுங்க. தனியாத்தான் இருக்கறீங்களாமா?"

ஒவ்வொரு சொல்லிலும் 'ங்க' இருந்தது. எங்கள் ஊர் மரியாதை இத்தனை அச்சமூட்டும் என்று நான் அறிந்ததில்லை. கடைசிவரை நான் வாய் திறக்கவில்லை. அக்கா ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவர்கள் கண்டுகொள்வார்கள் என்பதால்தான் என்று பிறகு புரிந்தது.

அவர்கள் போனதும், "அதை எரிச்சரலாங்க்கா" என்றேன். "பயமா இருக்குதா கண்ணு? எனக்கும் இருக்குது. ராத்திரி தாழ்ப்பாள ரெண்டு தடவ பாக்கறன். ஆனா எரிக்கச் சொல்லாதீங்க" என்றார். அதற்குப் பிறகு பல மாதம் தினம் ஒரு வழியில் வேலைக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கருத்துப்போனது. அவர் இறந்தது மாரடைப்பால். அதற்கு மேல் எதையும் ஊகித்து எழுத நான் விரும்பவில்லை.

அவர் இறந்த மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். சோமனூரில் தறி ஓட்டும் அக்காவின் தம்பி அலமாரியைத் திறந்து போட்டிருந்தார். அவர் மடியில் என் கதை இருந்த நீல ஃபைல் விரிந்து கிடந்தது.

"இத மட்டும் படிச்சுட்டிருக்கறனுங்க. எழுதுனவங்க பேரு எங்கியும் இல்லீங்க. பாருங்க, ஒவ்வொரு பக்கத்துலயும் மேல வெட்டி எடுத்திருக்குது."

வாங்கிப் பார்த்தேன். பக்கங்களின் மேல் ஓரம், பிசிறில்லாமல், நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தது. அட்டை வெட்டும் கத்தரியின் வேலை. வரிகளில் ஒன்றுகூடச் சேதமில்லை. என் பெயர் மட்டும் இல்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது. அந்த மூச்சு முடியும் முன்னே வெட்கமும் வந்தது.

"இத்தன பத்திரமா வெச்சிருக்குது அக்கா. யாரு எழுதுனதுங்க?"

"நாந்தானுங்க."

அவர் ஃபைலைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் எதையெல்லாம் எதிர்பார்த்துப் பயந்தேன் என்று எழுத முடியாது. பிறகு மெல்லக் கேட்டார்: "பாதிதான் படிச்சிருக்கறன். அந்த ரெண்டு பேரும் கடைசீல பூமிக்குத் திரும்பீருவாங்களா?"

"இல்லீங்க."

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பயம் போன பிறகு என் பெயரில் எழுதலாம் என்று காத்திருந்தவள் நான். பயத்தோடே நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னவர் அவர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒன்றைத்தான். அந்தக் கதையையும், ஆண் பெயரில் வந்த மற்றக் கதைகளையும் எழுதியவள் நான் என்பது என் கணவருக்கோ மாமியாருக்கோ இதுவரை தெரியாது. இந்த அஞ்சலி அச்சாகும் இதழ் எங்கள் வீட்டுக்கு வரும். இந்தப் பக்கத்தை அவர்கள் படிக்கும்போது நான் வெளியே எங்கும் போகப்போவதில்லை. அடுத்த அறையில் இருப்பேன்.

கோகிலவாணி