பூட்டிய நீச்சல் குளத்துக்குப் போன சூடு

கேட்காமல் வடை கொண்டுவருகிறவர்களிடம் காட்டுவதற்கு ஏதோ ஒன்று இருக்கும். அரச அலுவலகத்தில் பிறர் அனுப்பும் மின்சார அறிக்கைகளைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவன் நான். இந்த விதி பொய்த்துப் பார்த்ததில்லை. எனவே எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் பெண் வடைத்தட்டோடு மேலே வந்தபோது, அவளுடைய மற்றக் கையைத்தான் முதலில் பார்த்தேன். மடிக்கணினி இருந்தது.

அவள் கோயம்புத்தூர்க்காரி. ஹவுகெட்டோ என்னும் இந்தக் குளிர்நாட்டுப் புறநகரில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு தரவு மையம் இருக்கிறது. அங்கே இலையுதிர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தகுதிகாண் காலம் முடியவில்லை. விசாவும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

"அங்கிள், ஒரு சின்ன டவுட். இந்த ரிப்போர்ட்ல நான் சைன் பண்ணணும். நீங்க ஒரு தடவ பார்த்துட்டா நிம்மதி."

தரவு மையங்கள் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய எரிசக்தி அறிக்கை அது. எவ்வளவு மின்சாரம் தின்றோம், எவ்வளவு தண்ணீர் குடித்தோம், கணினிகள் கக்கும் சூட்டில் எவ்வளவு பிறருக்குப் பயன்பட்டது என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டும் பாவக்கணக்கு, கடைசி புண்ணியக்கணக்கு. புண்ணியக்கணக்கைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். மாதாமாதம் ஒரே அளவு சூடு போயிருந்தது.

"நீர் வந்தது ஐப்பசியிலை. போன வருசம் முழுக்க நடந்ததுக்கு உம்மை ஏன் கையெழுத்து வைக்கச் சொல்லுகினம்?"

"புது ஆள் கத்துக்கட்டும்னு பாஸ் சொன்னார். அங்கிள், நீங்க 'நீர்'னு சொன்னா புராணப் படம் பாக்குற மாதிரியே இருக்கு."

கற்றுக்கொடுக்க வேறு வழிகள் உண்டு. கையெழுத்துக்கு மட்டும் புது ஆளைத் தேடுவது கல்விச் சேவை அல்ல.

"தை மாசக் குளிருக்கும் ஆடி மாச வெயிலுக்கும் ஒரே அளவு சூடு. ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"பக்கத்து நீச்சல் குளத்துக்கு."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். பெண்களுக்கான நேரத்தில் அங்கே தவறாமல் நீந்தப் போய்வந்தவள்.

"அங்கை தண்ணியே இல்லையே. திருத்த வேலையெண்டு போன வருசம் முழுக்கப் பூட்டித்தானே கிடந்தது. இப்பவும் பூட்டு."

கீழ்த்தளத்துப் பெண் வடைத்தட்டைக் கீழே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் நடந்து போய்ப் பார்த்தோம். எங்கும் பனி. குளத்தின் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தல் வெளிறிப் போயிருந்தது. கட்டடத்தின் பின்புறம் மட்டும் பச்சைப் புல். நடுவில் பெரிய விசிறிகள் வைத்த இரும்புப் பெட்டி ஒன்று சூட்டை வெளிக்காற்றில் ஊதித் தள்ளியபடி இரைந்துகொண்டிருந்தது. தரவு மையத்திலிருந்து வந்த குழாய் அதற்குள் போய், திரும்பி வந்தது. ஆற்றங்கரை வாத்துகள் எல்லாம் அதைச் சுற்றிக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தன.

கீழ்த்தளத்துப் பெண் குழாய் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "மீட்டர் எங்க சென்டர் சுவத்துல இருக்கு அங்கிள். நம்பர் தப்பில்ல. அவ்வளவு சூடும் வெளிய வந்திருக்கு" என்றாள்.

"ஓம், வந்திருக்கு. வெளியிலை வந்ததோ எண்டு விதி கேக்கேல்லை. ஆர் பயன்படுத்தினது எண்டுதான் கேக்குது."

"வாத்து" என்றாள் மனைவி.

"ஜீரோ போட்டா என்னை அனுப்பிடுவாங்க. விசா போயிடும்."

"இதைப் போட்டுப் பிடிபட்டால் உம்மடை பெயர்தான் அதிலை கிடக்கும். உம்மடை பாஸின்ரை இல்லை."

முறைகேட்டைச் சொல்கிறவரை இந்த நாட்டின் சட்டம் காக்கிறது. அந்தச் சட்டத்தை முழுதும் வாசித்திருக்கிறேன். அதனால் காக்கப்பட்டவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் இப்போது வேறு இடங்களில் வேலை செய்கிறார்கள். ஆகவே முறைப்பாடு வேண்டாம், கேள்வி போதும் என்றேன். போன ஆண்டு இந்தச் சூட்டைப் பயன்படுத்தியவர் யார்? எழுத்தில், ஒற்றை வரி. தொழிற்சங்கப் பிரதிநிதிக்கும் ஒரு பிரதி.

அவளுடைய மேலாளர் பதில் எழுதவில்லை. சிரித்துக்கொண்டு மேசைக்கே வந்தாராம். எழுத்தில் கேட்டதற்கு வாயால் பதில் சொல்ல வருகிறவர் தடயம் விடாமல் இருக்கவே வருகிறார் என்று அவளுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தேன். குளம் பூட்டித்தான் இருந்தது, ஆனாலும் சூடு நம்மை விட்டுப் போனது உண்மைதானே என்றாராம். அவர் போனதும் அவள் மறுபடி எழுதினாள்: "குளம் ஆண்டு முழுதும் பூட்டியிருந்ததாக நீங்கள் சொன்னீர்கள். எனவே அந்த இடத்தில் பூச்சியம் போட்டிருக்கிறேன்."

அடுத்த சில நாட்கள் கீழ்த்தளத்தில் சமையல் வாசனையே இல்லை. மனைவி சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். தேவையில்லாமல் கிளறிவிட்டேன் என்று என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

அறிக்கை பூச்சியத்தோடேயே போனது, அவளுடைய கையெழுத்தோடு. அதிகாரிகள் கேட்பதற்கு முன் நீ கேட்டது நல்லதாயிற்று என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினாராம். திட்டுகிற மேலாளரை எனக்குத் தெரியும். பாராட்டுகிறவரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

சென்ற வாரம் மீண்டும் தட்டோடு மேலே வந்தாள். இந்தத் தடவை கேசரி.

"பெர்மனென்ட் பண்ணிட்டாங்க அங்கிள். இதையும் ஒரு தடவ பார்த்துடுங்க."

வேலை ஒப்பந்தத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை. அதனால் மூன்றாம் தரமும் வாசித்தேன்.