தண்ணியடுப்பில் போன ஆறு வருஷம்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததற்காக என் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அடி ஒன்றுமில்லை, மூளையை ஒட்டி ஒரு கட்டி இருந்தது. நிலக்கடலைப் பருப்பளவு, புற்றுநோய் இல்லை, அறுக்க வேண்டாம் என்றார் கோயமுத்தூர் டாக்டர். "வருசம் ஒருக்கா படம் எடுத்துப் பழசோட வெச்சுப் பாக்கோணும். வளராம இருந்தாச் சரிங்க."

ஆறு வருஷம் அப்படியே நடந்தது. புதுப் படத்தையும் பழைய படங்களையும் விளக்குப் பலகையில் வரிசையாகச் செருகிவிட்டு, "அப்படியேதான் இருக்குதுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அடுத்த வருஷம் முழுக்கத் தூங்குவேன். கோபியில் சொந்தபந்தத்துக்கு மட்டும் நான் கண் பரிசோதனைக்குப் போவதாகப் பேர். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் அம்மாவுக்குத் தலையில் கட்டி என்றால் எவன் சம்பந்தம் பேச வருவான்? இது என் வீட்டுக்காரரின் சட்டம். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் என் மேலும் உண்டு.

இந்த வருஷம் கிளம்புகிற அன்று பீரோ மேலிருந்த ஸ்கேன் படப் பையைக் காணோம். வீட்டையே தலைகீழாக்கினேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அதை ஏன் அம்மிணி தேடறே? பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக் காலைலயே தண்ணியடுப்புல போட்டு எரிச்சுப்போட்டேன். அவிய கண்ணுல பட்டா என்ன ஆவறது?"

"படத்தோட குடுத்த சீடிங்க?"

"அதுவுந்தான்."

அன்று குளியலறையெல்லாம் பிளாஸ்டிக் கருகிய வாடை. கேட்டதற்குப் பால் கவர் என்றார். அந்த வெந்நீரில் குளித்து, பட்டுச்சேலை கட்டி, வந்தவர்களுக்குச் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

பழைய படமெல்லாம் எடுத்த ஸ்கேன் சென்டரையும் மூடிவிட்டிருந்தார்கள். டாக்டர் புதுப் படத்தை மட்டும் தனியாகச் செருகினார். "பழசு எங்கீங்க?" வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். "அப்புறம் வளந்திருக்குதான்னு எப்படிங்க சொல்றது? இதையே மொதப் படமா வெச்சுக்கலாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க."

"ஒண்ணும் இருக்காது அம்மிணி" என்றார் இவர், காரில். என் தலைக்குள் இருப்பதை இவர் எட்டிப் பார்த்து வந்தது போல!

வீட்டுக்குள் நுழையும்போதே மாப்பிள்ளையின் அம்மா போனில் வந்தார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துவிட்டார்களாம். "காலைல இருந்து கூப்பிடறேன், எங்கீங்க போயிட்டீங்க?" வீட்டுக்காரர் தன் கண்ணைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"டாக்டர்கிட்டீங்க. எனக்குத் தலைல ஒரு கட்டி இருக்குதுங்க. வளந்திருக்குதா இல்லியான்னு அவருக்கே தெரியலீங்க. பழைய படத்தையெல்லாம் உங்களுக்குப் பயந்துட்டு எரிச்சுப்போட்டோமுங்க."