கடலை மடித்த படமும் எங்கள் வீட்டுப் பாடும்

ஜப்பான்காரர்கள் வரைந்த அனிமே படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் கல்லூரி விடுதியில் இரண்டு கட்சி உடனே உருவாகிவிடும். பறந்து பறந்து அடித்துக்கொள்ளும் தொடர்களை ஏற்றுக்கொள்ளும் அதே தோழிகள், கதை எங்கே போகிறது என்றே தெரியாத படம் ஒன்றைப் போட்டால் கால் மணி நேரத்தில் போர்வையை இழுத்துக்கொள்கிறார்கள். 'புரியாததை உட்கார்ந்து பார்த்து என்னடி லாபம்?' என்பதுதான் அவர்கள் கேள்வி. இந்தக் கேள்வியை எங்கள் ஊர் எனக்குப் பத்து வயதாகும்போதே கேட்டு, ஒரு மாதிரி பதிலும் சொல்லிவிட்டது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியில் மீன் விழும் இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். ஆகவே எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவருடைய பாடு நடக்கும்போது அடுத்தவர் அந்தத் தண்ணீரில் ஒரு கம்புகூட ஊன்றக்கூடாது. ஆனால் அவர் பாதியில் இடத்தை விட்டுப் போய்விட்டால், அடுத்த முறைக்காரர் தாராளமாக இறங்கலாம். போனவர் மறுபடி தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஊர் மண்டபத்துக்கு ஏதோ ஒரு கம்பெனி பெரிய டிவி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தது. வீட்டுக்கு வீடு சின்ன டிவி இருந்தது. என்றாலும் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருந்த அதில் பார்த்துவிட்ட கண்ணுக்கு வீட்டு டிவி தீப்பெட்டி போலத் தெரிந்தது. சீரியல் கட்சிக்கும் கிரிக்கெட் கட்சிக்கும் நடந்த சண்டையில் ஒரு ரிமோட் ஏரிக்குள் போனது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அவர்களுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான்: சீட்டுப் போட்டார்கள். ஒரு சாயங்காலம் ஒரு வீட்டுக்கு. தண்ணீருக்கு என்னென்ன சட்டமோ அத்தனையும் டிவிக்கும்.

என் மாமா, அம்மாவின் தம்பி, அதே ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவில் பிறந்தவர். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் எங்களோடு வந்து தங்கியிருந்தார். கூட வேலை செய்யும் யாரிடமிருந்தோ ஒரு ஜப்பான் அனிமே படத்தைப் பென்டிரைவில் வாங்கிவந்து, அதைப் பற்றி எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டுகளுக்கு மேலே ஒரு வாரம் பேசினார்.

"சண்டை இருக்குதாடா மச்சான்?" என்றார் நைனா, என் அப்பா.

"இல்ல மாமா."

"பாட்டு?"

"அதுவும் இல்ல."

"அப்ப இன்னாதான் இருக்குது?"

"ஒரு பொண்ணு இருக்கறா. அவ ஊர்ல கடல யாரோ துணி மாதிரி மடிச்சி எட்த்துணு பூட்றாங்க. அவ தேடிப் போறா."

நைனா கொஞ்ச நேரம் மென்றார். "மடிச்சா மீனெல்லாம் இன்னா ஆவும்?"

"அதான் மாமா, பாக்கணும்ன்றேன். இந்த ஊரு ஒரே ஒரு தபா முழுசா பாத்துட்டு அப்பறம் திட்டட்டும். பாதில எழுந்து போய்த் திட்டக்கூடாது."

எங்கள் வீட்டு முறையை மாமாவுக்குக் கொடுத்துவிட்டார் நைனா. அன்றைக்கு ஏரியிலும் அவருடைய பாடு. தண்ணீரை விட்டுவிட்டு டிவி முன்னால் உட்காரும் ஆள் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

அந்தச் சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. கடலை மடிக்கிற சங்கதி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மாமா புதுச் சட்டையில் நின்று பென்டிரைவைச் சொருகினார். முதல் காட்சி வந்தது. ஒரு தெருவில் மீன்கள் ஆள் உயரத்துக்கு மிதந்து போகின்றன, கடைக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடை கட்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்து மாமாவின் போன் அடித்தது. ஷிப்டுக்கு வர வேண்டியவன் வரவில்லையாம், உடனே வரச் சொல்கிறார்கள். மாமாவின் முகம் போன போக்கை இன்றும் வரைந்து காட்டுவேன். ரிமோட்டை என் மடியில் வைத்து, "முழுசா ஓடணும் கண்ணு, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அவர் செருப்புச் சத்தம் அடங்குவதற்குள் பெரியப்பா எழுந்தார். நைனாவின் பெரிய அண்ணன். அடுத்த முறை அவர் வீட்டுக்கு. அவருக்குக் கிரிக்கெட் பார்க்க வேண்டும்.

"மச்சான் வண்டி ஏறிட்டான். பாடு காலி. ரிமோட்ட இப்டி குடும்மா."

"நான் இருக்கறேன் பெரிப்பா."

சிரிப்பு எழுந்தது. பெரியப்பாவும் சிரித்தார், கோபமில்லாமல்தான். "பொம்பளப் புள்ளைக்கு ஏதும்மா பாடு? நம்ம ஊர்ல எப்பனா கேட்டுக்கிறியா?"

கேட்டதில்லை. பாடு ஆண்களுக்கு மட்டும். ஏரியில் தண்ணீர் உப்பாக இருப்பது போல அது ஒரு சாதாரண விஷயம். நான் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் ஊர்த் தலைவரைப் பார்த்தார்கள். அவர் துண்டால் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். கொசுவாக இருக்கலாம், யோசனையாகவும் இருக்கலாம்.

"முறை அந்த வூட்டுது. இது அந்த வூட்டுப் பொண்ணு. உக்காரட்டும்" என்றார்.

"இன்னிக்கி டிவில உக்காந்தா நாளைக்கித் தண்ணிலயும் கேக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கேட்டா அப்பப் பாத்துக்கலாம்." என்னைப் பார்த்தார். "நடுவுல எழுந்தியோ, பாடு பூடும். ஒண்ணுக்கு வர்து, ரெண்டுக்கு வர்துன்னு சொல்லக்கூடாது. புடிப்பியா?"

"புடிப்பேன்."

கதவோரம் பெண்களோடு உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சந்தைக்கு மீன் கொண்டுபோய் விற்றுவிட்டு அப்படியே வந்திருந்தாள்.

பெரியப்பா கிளம்பவில்லை. நான் எழுந்திருப்பேன் என்ற நம்பிக்கையில் எனக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். போதாததற்கு ஒரு சொம்பு தண்ணீரை என் பக்கம் நகர்த்தி, "குடிம்மா, தாகமா இருக்கும்" என்று இரண்டு தடவை அன்பாகச் சொன்னார்.

படத்தில் பேச்சு குறைவு. கீழே ஓடிய எழுத்தின் வேகத்துக்கு என் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம் ஓடவில்லை. அதனால் ஊரே சேர்ந்து படத்துக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தது. மீன் மிதந்தால் வலையை எங்கே கட்டுவது, கூரையிலா என்று ஒரு அண்ணன் கேட்டார். அந்தப் பெண் தன் சாடையிலேயே இருந்த ஒரு தையற்காரியின் கடைக்குள் நுழைந்து அலமாரியைத் திறந்தாள். உள்ளே கடல், நீலமாக, மடிப்புக் கலையாமல் அடுக்கப்பட்டிருந்தது. "கஞ்சி போட்டு மடிச்சிக்கிறா பாரு" என்றாள் ஒரு அத்தை. மண்டபம் அதிர்ந்தது. சில பேர் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இளவட்டங்கள் வெளியே போய், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக உள்ளே எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

அவள் கடலை உதறி விரித்தபோதுதான் அது நடந்தது. திரை முழுக்க வெள்ளை. ஒன்றுமே இல்லை. எங்கோ தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும். வெள்ளை நீண்டுகொண்டே போனது.

"பென்டிரைவு செத்துப்போச்சு" என்று பெரியப்பா நிம்மதியாக எழுந்தார்.

"இல்ல பெரிப்பா. பனி."

யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. மார்கழி விடியலில் நைனாவோடு ஒரு தடவை ஏரிக்குப் போயிருக்கிறேன். அந்த நேரத்தில் தோணியின் மூக்கே தெரியாது. தண்ணீர் எது, வானம் எது என்று பிரியாது. அலம்பும் சத்தம் ஒன்றுதான் இருக்கும். மண்டபத்தில் இருந்த எல்லோரும் அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்தவர்கள்தாம். பெரியப்பா நின்றபடியே பார்த்தார். அப்புறம் மெதுவாக உட்கார்ந்தார். வெள்ளைக்குள் ஒரு புள்ளி தெரிந்து, அது அந்தப் பெண்ணின் சிவப்புக் குடையாகும்வரை அவர் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை.

என் வயிறு வலித்தது. கால் மரத்தது. கடைசி எழுத்து ஓடி, திரை கறுத்த பிறகுதான் எழுந்தேன். எழுந்த வேகத்தில் வெளியே ஓடினேன். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்தபோது பெரியப்பா வழியை மறித்தார்.

"அந்தத் தையக்காரி யாரும்மா? அந்தப் பொண்ணோட ஆத்தாளா, இல்ல அவளேவா?"

"தெர்ல பெரிப்பா."

"சொல்லாம வுட்டுட்டானுங்களே" என்று முனகியபடி போனார். அந்த வாரம் முழுக்க மீன் ஏலத்தில் ஆத்தாள் கட்சி, அவளே கட்சி என்று இரண்டு இருந்தன. புரியாததில் என்ன லாபம் என்று கேட்கும் என் தோழிகளுக்கு நான் காட்டும் லாபம் இதுதான். புரிந்த படங்களை எங்கள் ஊர், மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடும். இதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது.

வேறொன்றும் இருக்கிறது. அதை நான் கல்லூரிக்குச் சேரப் போன நாளில், மீஞ்சூரில் ஏறிய ரயிலில், மாமா சொன்னார். அவர் தவழும் குழந்தையாக இருந்தபோது தாத்தா இறந்துபோனார். அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது. தோணியைக் கம்பு ஊன்றித் தள்ளவும் வலை கட்டவும் அவளுக்குத் தெரியும். தம்பி வளரும்வரை அப்பாவின் பாட்டை நான் பிடிக்கிறேன் என்று பசியாவரத்துப் பெரியவர்கள் முன்னால் போய் நின்றிருக்கிறாள். பெண்ணுக்கு ஏது பாடு என்று அனுப்பிவிட்டார்கள். முறை வேறு வீட்டுக்குப் போனது. தண்ணீர் இல்லாமல் வளர்ந்த மாமா, பள்ளிக்கூடம், டிப்ளமோ, தொழிற்சாலை என்று கரையேறினார்.

இதெல்லாம் தெரியாத பத்து வயதில், மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கிய மாமாவிடம் ஓடினேன்.

"முழுசா ஓடிச்சி மாமா. பெரிப்பாகூட எழுந்து போவல. எம்மா அழுதுச்சி."

தூக்கமில்லாத அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. "அக்காவா? எந்த சீன்ல?"

யோசித்துப் பார்த்தேன். "சீன்ல இல்ல மாமா. பெரிப்பா ரிமோட்ட கேட்டாரா, தலைவரு என்னையே உக்காரச் சொன்னாரா, அப்ப."

மாமா அங்கேயே, பஸ் நிறுத்தத்தின் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்த படத்துக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விழவில்லையே என்று வருந்துகிறார் போல என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அவர் தோளைத் தொட்டு, "கடல விரிக்கிறப்பயும் கொஞ்சம் அழுதுச்சி மாமா" என்று ஒரு பொய் சொன்னேன்.